குளிர்காலப் போர்நிறுத்தம்

யோகமலர்,
துரான்சியில் வீடு வாங்கிவிட்டாயாம்.
ஒற்றை அறை, நாலாம் மாடி, லிப்ட் இல்லை.
சீட்டுக் காசும் வங்கிக் கடனும் கலந்த சுவர்கள்.
நல்லது. இனி நீயும் வீட்டுக்காரி.
கேட்டாய் என்பதால் சொல்கிறேன்.
கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.

திறப்பைக் கொடுக்கும் நாளில்
சுவர்களைப் படம் எடு.
குழாயை ஓடவிட்டுப் படம் எடு.
மீற்றர் இலக்கத்தை அவர் கையாலேயே எழுதுவி.
யன்னலோரத்துப் பூஞ்சணத்துக்கு மேல்
பெயின்ற் அடித்து மறைக்காதே.
ஜனவரி காட்டிக் கொடுக்கும்.

முற்பணம் ஒரு மாதம்.
அதற்கு மேல் கேட்க உனக்கு உரிமை இல்லை.
லா சப்பலுக்குப் பின்னால்
எட்டுப் பேர் முறை வைத்துப் படுத்த அறைக்கு
நாங்கள் ஆறு மாதக் காசு கொடுத்தோம் என்பது
இந்தக் கணக்கில் வராது.

பற்றுச்சீட்டு கொடு. கேளாமலே கொடு.
எங்களுக்கு ஒருவரும் தரவில்லை.
அதனால்தான்
இந்த நாட்டில் என் முதல் ஏழு வருஷத்துக்குச்
சாட்சி இல்லை.

வாடகை பிந்தினால்
ஐந்தாம் திகதி போன் எடு.
பத்தாம் திகதி பதிவுத் தபால்.
கோபத்தை உறைக்குள் வைக்காதே, நிறை கூடும்,
முத்திரைக் காசு உன்னுடையது.

பூட்டை மட்டும் மாற்றாதே.
அவர் இல்லாத நேரம் பார்த்துப் போய்
சாமானை வாசலில் இறக்காதே.
மூன்று வருஷம் மறியல், முப்பதாயிரம் யூரோ வரை தண்டம்.
வீடு உன்னுடையது,
கதவு அவருடையது.

வில்நெவ் வீட்டில் எனக்குத் தியாக்கித்தே இருந்தார்.
ஓர்லியில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவர்.
முதுகு போனது. வேலை போனது.
வாடகை நின்றது.
வழக்கு வைத்தேன். வருஷம் ஓடியது. வென்றேன்.
வென்ற வழக்கின் கடைசிக் கடுதாசி
ஒக்ரோபர் இருபத்தெட்டில் கைக்கு வந்தது.
நவம்பர் ஒன்று முதல் மார்ச் முப்பத்தொன்று வரை
இங்கே யாரையும் வீட்டால் எழுப்ப முடியாது.
அதற்கு இவர்கள் வைத்த பெயர்
குளிர்காலப் போர்நிறுத்தம்.

சிரிப்பு வந்தது, யோகமலர்.
எத்தனை போர்நிறுத்தம் கண்டவர்கள் நாங்கள்.
ஒன்றாவது
எழுதிய திகதிவரை எழுதியபடி இருந்ததா?
இது இருந்தது.
ஐந்து மாதம், ஒரு நாள் குறையாமல்.

தை மாதம் பொயிலர் நின்றது.
வாடகை தராதவருக்குச் சுடுதண்ணீர் தருவது யார்?
நீதான்.
முணுமுணுத்துக்கொண்டு
குழாய்காரனோடு நானே போனேன்.
போன கையோடு என் கோப்பை மேசையில் வைத்தேன்.
அவரும் ஒரு கோப்பை வைத்தார்.
தேநீர் இல்லை, காகிதம்.
குளியலறைச் சுவரின் ஈரம், திகதியோடு.
பூஞ்சணம், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு யூரோக் குற்றி.
எனக்கு எழுதிய மூன்று கடிதங்களின் நகல்.
நான் எழுதாத பதில்களுக்கு
மூன்று வெறும் உறைகள்.
என்னுடையதைவிட ஒழுங்கான கோப்பு.
யாரோ அவருக்கும்
நல்ல புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

குழாய்காரன் உள்ளே தட்டிக்கொண்டிருந்தான்.
நாங்கள் இரண்டு பேரும்
ஒருவர் கோப்பை ஒருவர் வாசித்தோம்.

ஏப்ரல் ஒன்று, காலை ஒன்பது மணிக்கு
நீதிமன்ற ஆளும் பூட்டு உடைப்பவனும் வருவதாக ஏற்பாடு.
வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்
தனியே போனேன்.
ஒன்பதாயிரத்தை முப்பத்தாறாய்ப் பிரித்தோம்,
மாதம் இருநூற்றைம்பது, வாடகைக்கு மேலே.
எழுத்தில். இரண்டு பிரதி.
நல்லெண்ணத்துக்கும் இரண்டு பிரதி வேண்டும், மறவாதே.

இறங்கி வரும்போது படியில்
அவருடைய சின்ன மகள் என்னை உரசிக்கொண்டு ஓடினாள்.
ரயிலில் யாரோ முதுகைத் தொட்டுச் சொன்னபோதுதான் தெரியும்.
அன்று இங்கே பிள்ளைகள்
பெரியவர்களின் முதுகில் மீன் ஒட்டும் நாள்.
கொப்பித் தாளில் வெட்டிய மீன்,
சிவப்புப் பென்சில் செதில்,
பின்பக்கம் பாதிக் கணக்கு.

கோப்புக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது அவர் பெட்டி ஏற்றுவதில்லை,
பெட்டி தொலைத்தவர்களுக்குப் பதில் சொல்கிறார்.
பதினொரு தவணை வந்தது. இரண்டு பிந்தி வந்தது.
குளியலறைச் சுவர் இன்னும் அப்படியே.
நல்ல பூச்சுக்காரன் யாரையும் தெரிந்தால்
இலக்கத்தை அனுப்பு.
கடிதம் வந்து மூன்று கிழமை.
இந்தமுறை பதிவுத் தபால்.